தென்னை பிராப்பர் நவுனா, டீச்சர்?

சென்ற இதழில் காமன் நவுன், பிராப்பர் நவுன் என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல் வகைகள் இரண்டைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே மேசை நிறையக் கிடக்கின்றன. பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகும், பழைய வண்ணாரப்பேட்டையில் மாலை நேரம் என் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சின்ன விஷயம் என்று பலரும் தள்ளிவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் தெளிவாகாதது கல்லூரி விண்ணப்பம் வரை கூடவே வருகிறது. ஆகவே இந்த இதழ் முழுவதும் இதற்கே.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத் தேர்வில் 'கோகனட் ட்ரீ' என்பதைப் பிராப்பர் நவுன் வரிசையில் எழுதியிருந்தாள். ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டார். "தென்னை சிறப்புப்பெயர் என்று தமிழ் வகுப்பில் சொன்னார்களே அம்மா" என்று அழுகிறாள். தமிழ் இலக்கணத்திலும் அப்படித்தான் இருக்கிறது. யார் சொல்வது சரி, டீச்சர்? (ஒரு தாய், கொருக்குப்பேட்டை)

பதில்: முதலில் அந்தக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள், அம்மா. அவள் தமிழ் வகுப்பில் கற்றது சரி. ஆங்கில ஆசிரியை அடித்ததும் சரி. தமிழ்ப் பாடத்தைக் கவனமாகக் கேட்டு, அதை ஆங்கிலத்தோடு சேர்த்துப் பார்த்த பிள்ளைதான் இப்படி எழுத முடியும். கவனிக்காத பிள்ளைக்கு இந்தக் குழப்பமே வராது.

நன்னூல் வழி வந்த நம் இலக்கணம், ஓர் இனம் முழுவதற்கும் பொதுவாக வருவதைப் பொதுப்பெயர் என்கிறது. அந்த இனத்துக்குள் ஒரு வகையை மட்டும் பிரித்துச் சொன்னால் சிறப்புப்பெயர். மரம் பொது; அதற்குள் மா, பனை, தென்னை சிறப்பு. பறவை பொது, மரங்கொத்தி சிறப்பு. அணி பொது, வளையல் சிறப்பு. வளையல் என்றால் எந்த வளையல்? தங்கசாலைத் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் கடை கடையாகத் தொங்குகிற அத்தனையும் வளையல்தான். ஆக, நம் இலக்கணம் இங்கே செய்வது பெரிய கூட்டத்துக்குள்ளே சின்னக் கூட்டத்தைப் பிரிப்பது.

ஆங்கிலம் அந்தப் பிரிவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கூட்டத்தின் பெயர் எதுவானாலும் அது காமன் நவுன். கூட்டம் பெரிதா சிறிதா என்பது ஒரு பொருட்டில்லை. 'ட்ரீ' காமன் நவுன், 'கோகனட் ட்ரீ'யும் காமன் நவுன். 'பேர்ட்' எப்படியோ அப்படியே 'உட்பெக்கர்'. கூட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் தனியே நிறுத்தி, அதற்கென்று ஒரு பெயர் சூட்டினால்தான் பிராப்பர் நவுன். மரங்களுக்கு அப்படிப் பெயர் சூட்டுவது அபூர்வம். புத்த கயாவில் நிற்கும் மரத்தைப் 'போதி ட்ரீ' என்று முதல் எழுத்துக்குப் பெரிய எழுத்து, அதாவது 'கேப்பிடல்' போட்டு எழுதுகிறார்கள். அது என்ன மரம் என்று கேட்டால், அரசமரம். அரசமரத்தின் ஆங்கிலப் பெயரான 'பீப்பல்' சிறிய எழுத்தில்தான் வரும்.

பிறகு குழப்பம் எங்கே நுழைந்தது? நோட்ஸ் புத்தகங்களும் அகராதிகளும் பிராப்பர் நவுன் என்பதற்குப் பக்கத்தில் 'சிறப்புப் பெயர்' என்று அச்சிட்டு வைத்திருக்கின்றன. நம் இலக்கணத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த சொல்லை எடுத்து இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் அந்தச் சொல்லை ஆங்கிலப் பாடத்தில் பயன்படுத்துவதே இல்லை. காமன் நவுனை 'இனப்பெயர்' என்பேன். பிராப்பர் நவுனைச் 'சூட்டிய பெயர்' என்பேன். அப்படிச் சொன்னவுடன் பாதிப் பிள்ளைகளுக்கு முகம் தெளிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறேன். "இது என்ன?" என்று கேள். வருகிற விடை இனப்பெயர். "சரி, இந்த ஒன்றின் பெயர் என்ன?" என்று அடுத்துக் கேள். அதற்கு ஒரு விடை இருந்தால் அது சூட்டிய பெயர். இது என்ன? ஆறு. இந்த ஆற்றின் பெயர் என்ன? கொசஸ்தலை ஆறு. இது என்ன? கோயில். இந்தக் கோயிலின் பெயர் என்ன? திருவொற்றியூர் தியாகராஜர் கோயில். இது என்ன? தென்னை. இந்தத் தென்னையின் பெயர் என்ன? யாரும் வைக்கவில்லை. உங்கள் மகளிடம் இந்த இரண்டு கேள்விகளையும் கொடுத்து, சமையலறையில் இருக்கும் பாத்திரம் பண்டங்களிலிருந்து தெருவில் போகும் நாய் வரை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாயிடம் வரும்போது அவளுக்கே விளங்கிவிடும். நாய் என்பது இனம். மணி என்பது சூட்டிய பெயர்.

கெட்டிக்காரக் குழந்தை என்பதால் அடுத்து ஒன்று கேட்பாள். அதற்கும் தயாராக இருங்கள். "அப்படியானால் 'பங்கனப்பள்ளி' மாம்பழத்தை ஏன் பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள்? அதுவும் கூட்டம்தானே?" கூட்டம்தான். ஒரு கூடை பங்கனப்பள்ளியில் ஒவ்வொரு பழமும் பங்கனப்பள்ளி. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஆந்திராவில் இருக்கும் ஓர் ஊரின் பெயர் இருக்கிறது. ஊருக்குரிய மரியாதையால் பெரிய எழுத்து நிற்கிறது. ராஜபாளையம் நாயும் அப்படியே. நாயைக் குறிக்கும் 'டாக்' சிறியது, 'ராஜபாளையம்' பெரியது. 'இந்தியன்' என்பது பெயரைத் தழுவி வரும் சொல்லாக, அதாவது 'அட்ஜெக்டிவ்' ஆக நின்றாலும் பெரிய எழுத்துதான். ஆகவே பிராப்பர் நவுன் என்றால் பெரிய எழுத்து கட்டாயம் வரும். பெரிய எழுத்து வந்ததாலேயே அது பிராப்பர் நவுன் ஆகிவிடாது. பல பள்ளிகளில் இதைத் தலைகீழாகக் கற்பிக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம். எழுத்தைப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். பிள்ளை தானே எழுத உட்காரும்போது பார்ப்பதற்கு எழுத்து எங்கே இருக்கிறது? அவன்தானே அதை முடிவு செய்ய வேண்டும்?

கேள்வி: விடுமுறை நாள் பற்றிய கட்டுரையில் 'ஐ வென்ட் டு பீச்' என்று எழுதினேன். நடுவில் 'தி' வேண்டும் என்று ஆசிரியர் திருத்தினார். ஆனால் 'ஐ காட் டவுன் அட் பீச்' என்று ரயில் பயணம் பற்றி எழுதியபோது 'தி' வேண்டாம், 'பி' பெரிய எழுத்தில் வேண்டும் என்கிறார். ஒரே சொல்லுக்கு ஏன் இரண்டு விதி? (பத்தாம் வகுப்பு மாணவன், காசிமேடு)

பதில்: தம்பி, உன் ஆசிரியர் நன்றாகக் கவனித்துத் திருத்துகிறவர். ராயபுரத்தில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கிப் பார். எதிரே ராஜாஜி சாலை, லாரிகள், அதற்கப்பால் துறைமுகச் சுவர். கால் வைக்க மணல் கிடையாது. தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியதிலிருந்து நம் மக்கள் வாயில் புழங்கும் பெயர் அது. கடற்கரை என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆனால் நீ அந்தப் பெயரைச் சொல்லும்போது கடற்கரையைச் சொல்லவில்லை, ஒரு ரயில் நிலையத்தைக் கூப்பிடுகிறாய். ஆகவே 'பீச்' பெரிய எழுத்தில், 'தி' இல்லாமல். அலையில் கால் நனைக்கப் போனால் 'தி பீச்', சிறிய எழுத்தில்.

வட சென்னையில் வளர்கிற பிள்ளைக்கு இந்தப் பாடத்துக்குப் புத்தகமே தேவையில்லை என்று நான் சொல்வதுண்டு. பீச்சுக்கு அடுத்த நிலையம் ஃபோர்ட், அதற்கு அடுத்தது பார்க். 'தி ஃபோர்ட்' என்றால் கோட்டை. 'ஃபோர்ட்' என்று மட்டும் சொன்னால் நிலையம். 'செயின்ட் ஜார்ஜ்' என்ற பெயரோடு சேர்ந்து வந்தால் அந்தக் கோட்டைக்கே சூட்டிய முழுப்பெயர், அப்போதும் 'ஃபோர்ட்' பெரிய எழுத்து.

மின்ட் பஸ் நிலையத்தை எடுத்துக்கொள். பலகையில் வள்ளலார் நகர் என்று இருக்கும். நடத்துநர் "மின்ட், மின்ட்" என்றுதான் குரல் கொடுப்பார். 'மின்ட்' என்றால் நாணயம் அடிக்கும் சாலை. கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை அங்கே இருந்தது. தங்கசாலை என்று தமிழில் சொல்வதும் அதனால்தான். இன்றைக்கு அங்கே நாணயம் அடிப்பதில்லை. இனப்பெயராக இருந்த சொல் அந்த இடத்துக்குச் சூட்டிய பெயராக ஒட்டிக்கொண்டு, பொருள் போன பிறகும் பெயராக நிற்கிறது. 'எம்' பெரிய எழுத்தில் எழுதினால் அந்த இடம். சிறிய எழுத்தில் எழுதினால் எந்த ஊர் நாணயச்சாலையும் அதுதான். பேருந்தில் ஏறி சிறிய எழுத்து 'மின்ட்'டுக்குப் போக முடியாது.

பேசின் பிரிட்ஜ் என்பதில் இரண்டு சாதாரண இனப்பெயர்கள் சேர்ந்து ஒரு சூட்டிய பெயர் ஆகியிருக்கின்றன. எலிஃபென்ட் கேட் என்கிற யானைக்கவுனியும் அப்படியே. யானைக்கு 'எலிஃபென்ட்' எப்போதும் சிறிய எழுத்து. யானைக்கவுனியில் அதே யானைக்குப் பெரிய எழுத்து. என் பேட்டையான வண்ணாரப்பேட்டையின் ஆங்கிலப் பெயருக்குள் 'வாஷர்மேன்' உட்கார்ந்திருக்கிறார். கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் இது. தொழிலைச் சொல்லும்போது சிறிய எழுத்து. பேட்டையைச் சொல்லும்போது பெரிய எழுத்து.

எதிர்த்திசையிலும் பயணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு ஆங்கில அகராதியில் 'மெட்ராஸ்' என்றே பெயர்; அதைச் சிறிய எழுத்து 'எம்' போட்டு அச்சிடுகிறார்கள். ஊர் சூட்டிய பெயர், துணி இனப்பெயர். அப்பா படகுக்கு ஊற்றுகிற டீசலும் அப்படித்தான். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த இயந்திரத்தால் வந்த பெயர். எண்ணெயாகிவிட்ட பிறகு சிறிய எழுத்து 'டி'.

ஒரு எச்சரிக்கை. ஸ்டேஷன் பலகை, டிக்கெட் இவற்றைப் பார்த்து எழுத்தைக் கற்றுக்கொள்ளாதே. அங்கே எல்லாமே முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். உன் கட்டுரையின் கடைசி வரியில் 'மை ஃபாதர் வொர்க்ஸ் இன் தி ஹார்பர்' என்று எழுதி 'எச்' பெரிதாகப் போட்டிருக்கிறாய். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் என்று பெயரோடு எழுதியிருந்தால் பெரிய எழுத்து சரி. வெறும் 'தி ஹார்பர்' என்னும்போது சிறியதே போதும்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்தினருக்கு மனு டைப் செய்து கொடுப்பதும் உண்டு. முக்கியமான சொற்களை எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்குவேன், மரியாதையாக இருக்கும் என்று. ஒரு வழக்கறிஞர் பார்த்துவிட்டு, பாதியைச் சிறிய எழுத்தாக மாற்றச் சொன்னார். சரியா? ஒரு மனுவை இணைத்திருக்கிறேன். (வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் அனுப்பிய மனுவை இரண்டு முறை படித்தேன். கழிவுநீர் வீட்டுக்குள் வருகிறது என்ற புகார். ஆள், இடம், நாள் எல்லாம் விடாமல் சொல்லியிருக்கிறீர்கள். விஷயம் தெளிவாக இருக்கிறது. படிக்கிற அதிகாரிக்குப் புரியாமல் போக வழியே இல்லை. எழுத்து மட்டும்தான் இடறுகிறது. 'டிரெய்னேஜ்', 'வாட்டர்', 'ஹவுஸஸ்', 'சில்ட்ரன்', 'ஓல்டு பீப்பிள்', 'மஸ்கிட்டோஸ்' அத்தனைக்கும் தலை எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறீர்கள். குழந்தைகளும் முதியவர்களும் முக்கியம் என்பதில் எனக்கு உங்களோடு மாறுபாடு இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் முக்கியத்துவத்தைக் காட்டப் பெரிய எழுத்து பயன்படாது. கொசுவுக்கும் குழந்தைக்கும் ஒரே மாதிரி பெரிய எழுத்து போட்டால், படிப்பவர் கண் எதில் நிற்பது?

அந்த மனுவில் பெரிய எழுத்து எங்கே வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். தொடக்கத்தில் விளிக்கும்போது வரும் 'சர்'. கிரேட்டர் சென்னை கார்ப்பரேஷன் என்ற முழுப்பெயர். தண்டையார்பேட்டை மண்டலம் என்பதில் 'ஜோன்'. மனுதாரர் பெயர், தெருப் பெயர், கிழமை, மாதம். தெருப் பெயரோடு சேர்ந்து வரும் 'ஸ்ட்ரீட்' பெரிது. அடுத்த வரியில் 'அவர் ஸ்ட்ரீட்' என்று வருவது சிறிது. முன்னால் 'அவர்', 'மை', 'எ' போன்ற சொல் வந்து நின்றால் பெரும்பாலும் அது இனப்பெயர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

பதவிப் பெயர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 'டு தி கமிஷனர்' என்று முகவரியில் எழுதும்போது பெரிய எழுத்து. ஆளின் பெயருக்கு முன்னால் பட்டமாக வந்தாலும் பெரிய எழுத்து. 'மை பிரதர் இஸ் எ கிளார்க்' என்று தொழிலைச் சொல்லும்போது சிறியது. நடுவில் 'தி கலெக்டர் விசிட்டட் அஸ்' போன்ற இடங்களில் இரண்டு வழக்கமும் உண்டு. நம் அலுவலகங்களில் பெரிய எழுத்தே அதிகம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு மனுவுக்குள் மாற்றி மாற்றிப் போடாதீர்கள்.

இன்னொரு திருத்தமும் உண்டு, இது எழுத்தைப் பற்றியதல்ல. உயர் நீதிமன்றத்தைச் 'சென்னை ஹைகோர்ட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்திருக்கிறீர்கள். ஊரின் பெயர் 1996-ல் மாறியது. நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயர் மெட்ராஸ் ஹைகோர்ட் என்றே தொடர்கிறது. சூட்டிய பெயரை நாமாகத் திருத்தக் கூடாது. அது எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும்.

உங்கள் கடைப் பலகையில் இருக்கும் 'ஜெராக்ஸ்' கூட ஒரு நிறுவனத்தின் பெயர். நகல் எடுப்பதற்கு அந்தப் பெயரை வினைச்சொல்லாக்கிப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்த நிறுவனமே விளம்பரம் கொடுத்திருக்கிறது. பேச்சில் இருக்கட்டும், மனுவில் 'ஃபோட்டோகாப்பி என்க்ளோஸ்டு' என்று எழுதுங்கள்.

கேள்வி: பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கிறேன். வாட், வோல்ட், நியூட்டன் எல்லாம் விஞ்ஞானிகளின் பெயர்கள். ஆகவே பெரிய எழுத்தில் எழுதினேன். மதிப்பெண் குறைந்தது. ஏன்? (மாணவன், வியாசர்பாடி)

பதில்: நியூட்டன் என்ற மனிதரைச் சொன்னால் பெரிய எழுத்து. பத்து நியூட்டன் விசை என்றால் அது அளவு, எண்ணக்கூடிய இனப்பெயர். அலகை முழுச் சொல்லாக எழுதும்போது சிறிய எழுத்து என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட விதி. ஆனால் குறியீடாகச் சுருக்கும்போது விஞ்ஞானியின் நினைவாகப் பெரிய எழுத்து திரும்ப வந்துவிடும். மின்கட்டணத்தில் நாம் 'யூனிட்' என்று சொல்வது கிலோவாட் மணி. அதன் குறியீட்டில் 'கே' சிறியது, 'டபிள்யூ' பெரியது, 'எச்' சிறியது. அத்திப்பட்டில் இருக்கும் வட சென்னை அனல்மின் நிலையத்தின் பழைய மின் உற்பத்தி இயந்திரம் ஒவ்வொன்றும் 210 மெகாவாட். அங்கே 'எம்' பெரியது, 'டபிள்யூ'வும் பெரியது. அந்த 'எம்'மைச் சிறியதாகப் போட்டால் மில்லிவாட் ஆகிவிடும். அனல்மின் நிலையம் கைக்கடிகாரத்துக்கு ஓடுகிற கணக்கு அது! உன் துறையில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெறும் இலக்கணமாக மட்டும் இல்லை என்பதால் இதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்.

விதிவிலக்கு ஒன்று: 'டிகிரி செல்சியஸ்' என்னும்போது 'செல்சியஸ்' பெரிய எழுத்தில்தான்.

கேள்வி: கிழமைக்குப் பெரிய எழுத்து, கோடைக்கு இல்லையா? (வாசகி, திரு.வி.க. நகர்)

பதில்: இல்லை. கிழமைகள், மாதங்கள், பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாம் பெரிய எழுத்து. பருவங்களான 'சம்மர்', 'வின்டர்', 'மான்சூன்' சிறிய எழுத்து. பாடங்களிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. தமிழ், ஆங்கிலம் என்று மொழிகள் வந்தால் பெரிது. 'மேத்ஸ்', 'சயின்ஸ்' சிறிது.

கேள்வி: சூட்டிய பெயருக்கு முன்னால் 'தி' வராது என்கிறீர்கள். 'தி கூவம்' என்று செய்தித்தாளில் வருகிறதே? (வாசகர், பெரம்பூர்)

பதில்: நல்ல கேள்வி. ஆறு, கடல், கால்வாய், மலைத்தொடர் ஆகியவற்றின் பெயர்களுக்கு முன்னால் 'தி' வரும். தி கூவம், தி கொசஸ்தலையார், தி பே ஆஃப் பெங்கால், தி ஹிமாலயாஸ். ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயருக்கு 'தி' கிடையாது; அவர் பெயரைச் சுமக்கும் கால்வாய் 'தி பக்கிங்காம் கனால்'. ஏரிக்கும் தனி மலைக்கும் தெருவுக்கும் பெரும்பாலும் 'தி' வேண்டாம். இதற்குக் காரணம் தேடி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆங்கிலச் செய்தித்தாளைத் தினமும் ஒரு பத்தி உரக்கப் படித்தால் காது பழகிவிடும்.

கேள்வி: 'மதர்' என்பதைச் சில இடங்களில் பெரிய எழுத்திலும் சில இடங்களில் சிறிய எழுத்திலும் பார்க்கிறேன். எங்கள் வகுப்பில் மூன்று முருகன்கள் இருக்கிறார்கள். பன்மை வந்துவிட்டால் முருகனும் காமன் நவுன் ஆகிவிடுமா? (எட்டாம் வகுப்பு மாணவி, எண்ணூர்)

பதில்: இரண்டுமே அருமையான கேள்விகள், கண்ணு. 'மை மதர்' என்று எழுதினால் உறவைச் சொல்கிறாய், சிறிய எழுத்து. 'மதர் கால்டு மீ' என்று, பெயர் வர வேண்டிய இடத்தில் அதையே பெயராக வைத்தால் பெரிய எழுத்து. அம்மாவின் பெயரை அந்த இடத்தில் வைத்துப் படித்துப் பார். வாக்கியம் சரியாக ஓடினால் பெரிய எழுத்து போடு. 'மை' இருக்கும் இடத்தில் பெயரை வைத்தால் தடுக்கும், பார்.

மூன்று முருகன்கள் இருந்தாலும் மூவருக்கும் தனித்தனியே பெற்றோர் சூட்டிய பெயர் அது. முருகன் என்று ஓர் இனம் இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் 'த்ரீ முருகன்ஸ்' என்று பன்மை போட்டாலும் 'எம்' பெரியதாகவே இருக்கும்.

கேள்வி: துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேச்சே கிடையாது. அது இல்லாமல் நாம் என்ன குறைந்தா போய்விட்டோம்? ஆங்கிலத்துக்கு மட்டும் எதற்கு இந்தச் சுமை? பேரப்பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்துக் கேட்கிறேன். (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: ஒன்றும் குறைந்துபோகவில்லை, ஐயா. நீங்கள் கேட்டது இந்த மாதத்தின் மிக நல்ல கேள்வி என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்திலும் இந்த வழக்கம் எப்போதும் இப்படியே இருந்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு வரை அச்சில் பெயர்ச்சொல் பலவற்றுக்கும் பெரிய எழுத்து போட்டார்கள். 1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பார்த்தால் சாதாரணச் சொற்கள்கூடப் பெரிய எழுத்தில் தொடங்குவதைக் காணலாம். பிறகு அச்சில் அது மெல்லக் குறைந்து, சூட்டிய பெயர்களோடு நின்றது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்துதான். அங்கே மேசையும் முருகனும் ஒன்று.

தமிழுக்கு ஏன் தேவைப்படவில்லை என்பதற்கு ஒரு பதில் நம் வினைமுற்றில் இருக்கிறது. 'மணி அடித்தது' என்றால் பள்ளிக்கூட மணி. 'மணி அடித்தான்' என்றால் ஒரு பையன் யாரையோ அடித்திருக்கிறான். 'தாமரை வந்தது' என்றால் பூக்கடைக்குச் சரக்கு வந்திருக்கிறது. 'தாமரை வந்தாள்' என்றால் வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். உயர்திணை, அஃறிணை என்று நம் மொழி வாக்கியத்தின் கடைசியில் வைத்திருக்கும் விகுதியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஊர்ப் பெயர், கோயில் யானையின் பெயர் போன்ற இடங்களில் விகுதி உதவாது. அங்கே சூழல் காட்டிக்கொடுக்கும்.

ஆங்கில வினைக்கு அந்த விகுதி கிடையாது. 'கேம்' என்றால் பூ வந்தாலும் 'கேம்', பெண் வந்தாலும் 'கேம்'. ராயபுரத்தில் ரோஸ் என்று பெயர் வைத்த பாட்டிகளும் பேத்திகளும் எத்தனையோ பேர். 'ரோஸ் கேம்' என்பதில் பெரிய 'ஆர்' ஒன்றுதான் படிப்பவருக்கு வந்தது ஆள் என்று கண்ணுக்குக் காட்டுகிறது. பேச்சில் அதுவும் இல்லை. அங்கே 'தி' அந்த வேலையைப் பார்க்கிறது. 'தி ரோஸ்' என்றால் பூ, வெறும் 'ரோஸ்' என்றால் ஆள். உங்கள் பேரப்பிள்ளைகளிடம் விதியை ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதிலாக, 'தாமரை வந்தது', 'தாமரை வந்தாள்' இரண்டையும் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். முதல் வாக்கியத்துக்கு 'தி' வேண்டும், சிறிய எழுத்து வேண்டும். தாமரையை 'லோட்டஸ்' என்று மாற்றவும் வேண்டும். இரண்டாவதில் அந்தப் பெண்ணின் பெயரை மாற்றக் கூடாது, 'தாமரை' என்றே, பெரிய 'டி' போட்டு எழுத வேண்டும். எழுதி முடித்த தாளை எனக்கு அனுப்பினால் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன்.